பிரான்மலை ஏற்றம்: செட்டிநாட்டின் மேற்கு விளிம்பில் நான்கு நாள்

முதல் நாள்: காரைக்குடி, திருமயம்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் ஆத்தங்குடித் தரையையும் கானாடுகாத்தான் வீடுகளையும் பார்த்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே செட்டிநாட்டுச் சாலையில் திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போனால் சமவெளி முடிகிற இடத்தில் பிரான்மலை நிற்கிறது. பாரி ஆண்ட பறம்புமலை இதுதான் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. உழவர் உழாமலே இந்த மலை மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என நான்கையும் தரும் என்று கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த நான்கில் தேன் இன்றும் மலையில் உண்டு. மலை ஏறுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். மூன்றாம் நாள் குறிப்பில் விரிவாகச் சொல்கிறோம்.

உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2500 அடி. கொடைக்கானல் ஏழாயிரம் அடி, இது எம்மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானலுக்கு வண்டி ஏறுகிறது, இங்கே கால்தான் ஏற வேண்டும். அடிவார உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 2000 அடிக்குச் சற்றுக் குறைவு. அதுவும் நிழல் குறைந்த முள்காட்டிலும் மொட்டைப் பாறையிலும். இந்த மலையில் பாதி வழியில் திரும்புகிறவர்களைத் திருப்புவது பெரும்பாலும் உயரம் இல்லை, வெயில். நேரம், தண்ணீர், உடை, சாப்பாடு என எதைத் திட்டமிட்டாலும் வெயிலை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

ஏறத் தகுந்த காலம் மார்கழி, தை, மாசியின் முற்பாதி. ஐப்பசி, கார்த்திகையில் மழைப்பாசி படிந்து பாறை வழுக்கும். பங்குனி தொடங்கி ஆனி வரை ஏறவே வேண்டாம். பாறை பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் விடாது. விடிகாலையிலும் பாறை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இன்று காலுக்கு ஒத்திகை. அதற்குத் திருமயம் கோட்டை மிகப் பொருத்தம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் அரைமணி நேரம். 1687இல் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை, ஒரே பெரிய பாறையைச் சுற்றி எழுந்தது. அந்தப் பாறையின் அடியில்தான் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீசுவரரும் அடுத்தடுத்த குடைவரைகளில் இருக்கிறார்கள். ஏறி இறங்க ஒரு மணி நேரம் போதும். நாம் போனது செருப்பைச் சோதிக்க. சாய்வான பாறையில் முழு எடையையும் ஒரு காலில் போட்டு, குதிகாலைத் தூக்காமல் நின்று பாருங்கள். அடிப்பகுதி அரை அங்குலம் நழுவினாலும் அந்தச் செருப்பு பிரான்மலைக்கு ஆகாது. நடைப்பயிற்சிக்கு விற்கிற, மெத்தென்ற நுரை அடி வைத்த ஷூக்கள் தார்ச் சாலைக்கு நல்லவை. பாறைத்தூசி மேல் வழுக்கும். ஆழமான கட்டங்கள் கொண்ட ரப்பர் அடி வேண்டும். புது ஷூவை மலையில் முதன்முறையாகப் போட வேண்டாம், குதிகால் கொப்பளித்துவிடும்.

சாய்பாறையில் நுனிக்காலால் ஏறுவது எல்லோரும் செய்யும் தவறு. பாதம் முழுவதும் பாறையில் படிய வேண்டும். படிகிற பரப்பு கூடினால்தான் பிடிமானம் கூடும், கெண்டைக்காலும் சீக்கிரம் இறுகாது. இறங்கும்போது முழங்காலை லேசாக மடித்து, அடியைச் சிறிதாக வைக்க வேண்டும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் மட்டும் ஊன்றும், அப்போதுதான் சறுக்கும்.

மாலையில் மூட்டை கட்டும் வேலை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மூன்றையும் ஒரே பெரிய குப்பியில் எடுக்காமல் ஒரு லிட்டர் குப்பிகளாகப் பிரித்துக்கொண்டால் எவ்வளவு தீர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியும். அதில் ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைத் தூளைக் கலக்க வேண்டும். மருந்துக்கடையில் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் இருக்கின்றன. உறையைப் படித்து, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடி தாகம் அதிகரிக்கும், வயிற்றைப் புரட்டும்.

சாப்பாட்டுக்குக் காரைக்குடியை மிஞ்ச ஊர் இல்லை. மாவுருண்டை ஆளுக்கு நான்கு. வறுத்து அரைத்த பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் என மூன்றே பொருள். கெடாது, கைக்கு அடக்கம், உடனே தெம்பு தரும். உப்புக்குத் தேன்குழல். இறங்கி வந்து சாப்பிடப் புளியோதரை. தயிர்ச்சாதம் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம். வாழைப்பழமும் வேண்டாம், மலையில் குரங்குகள் காத்திருக்கின்றன.

இரண்டாம் நாள்: குன்றக்குடி, வேட்டங்குடி, சிங்கம்புணரி

காலையில் குன்றக்குடி முருகனைப் பார்க்கப் படியேறினோம். மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க இந்தப் படிகள் நல்ல அளவுகோல். மேலே போய் ஐந்து நிமிடத்தில் இயல்பாகப் பேச முடிந்தால் நாளைக்குத் தயார். பத்து நிமிடமாகியும் படபடப்பு அடங்காதவர்கள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பிரான்மலை ஏற வேண்டாம்.

திருப்பத்தூரைத் தாண்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள் சேர்ந்தது, மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால்தான் பறவை. மழை பொய்த்த ஆண்டில் போனால் கருவேல மரங்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். நிரம்பிய ஆண்டில், கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களின் ஒவ்வொரு கிளையிலும் கூடு. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, பாம்புத்தாரா, வக்கா. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் பாம்பும் கீரியும் நாயும் எளிதில் கூட்டை நெருங்க முடியாது. தண்ணீர் குறையக் குறையக் குஞ்சுகளுக்கு ஆபத்து கூடும்.

இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் என்பதற்காகத் தலைமுறையாகக் காத்துவரும் கட்டுப்பாடு. பறவையின் எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போவது அவர்களுக்குத் தெரியும். நாமும் கரையில் மெல்லப் பேசி, வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற நிறங்களும் தவிர்த்துப் போவது அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை. பார்க்கச் சிறந்த நேரம் மாலை நாலரை முதல். இரை தேடிப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும்.

அங்கேதான் ஒரு சிக்கல். பறவை அடையும்வரை நின்றால் சிங்கம்புணரிச் சாலையில் இருட்டிவிடும். இந்தப் பக்கம் இருட்டுச் சாலையில் காட்டுமாடு குறுக்கிடும். மேற்கே நத்தம் பக்கத்து மலைகளில் திரியும் இவை தண்ணீரும் பயிரும் தேடிச் சமவெளிக்கு இறங்குகின்றன. கருத்த உடம்பு வண்டி விளக்கில் தெரியவே தெரியாது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளை நிறம் மட்டும்தான் முதலில் கண்ணில் படும். சாலைக்கு மேல் நான்கு வெள்ளைக் கோடுகள் அசைந்தால் அது காட்டுமாடு என்று உடனே நிறுத்த வேண்டும். வளர்ந்த காளை அறுநூறு முதல் ஆயிரம் கிலோ. தோள் உயரமே ஐந்தரை, ஆறு அடி. கார் மோதினால் கால்கள்தான் அடிபடும், உடம்பு அப்படியே பானெட் மேல் சரிந்து முன்கண்ணாடிக்கு வரும். அதனால்தான் நாற்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது.

மாடு நின்றால் ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். ஒன்று கடந்ததும் கிளம்பிவிடக் கூடாது. முன்னால் போவது தாயாக இருந்தால் பின்னால் கன்று வரும். இடையில் வண்டி புகுந்தால் தாய் திரும்பி வரும்.

காரைக்குடியில் தங்கி அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பிப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். இதே சாலையை இருட்டில் கடக்க வேண்டும் என்பதால் அது சரியான திட்டம் இல்லை. சிங்கம்புணரியிலோ திருப்பத்தூரிலோ தங்குவது நல்லது. அறைகள் எளிமையானவை, மலைக்கு அது போதும்.

மூன்றாம் நாள்: பிரான்மலை

தை மாதத்தில் இங்கே ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் வரும். ஆறு மணி கடந்ததும் தரை தெரியும். அந்த வெளிச்சத்தில் ஏறத் தொடங்கி, எட்டே முக்காலுக்குள் உச்சி, பதினொன்றுக்குள் அடிவாரம் என்பது திட்டம். எந்த இடத்தில் இருந்தாலும் ஒன்பதரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதையும் நேற்று இரவே முடிவு செய்தாயிற்று. மலையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் உச்சி இழுக்கும்.

அடிவாரத்துக்குச் சற்று முன்னால், வேலிக்கருவைப் புதருக்குள் கிளை முறியும் சத்தம். நாற்பது அடி தூரத்தில் ஒற்றைக் காளை.

கூட்டமாக வரும் காட்டுமாடுகள் ஆளைக் கண்டால் பெரும்பாலும் விலகிவிடும். தனித்துத் திரியும் காளை அவசரப்படாது. இது தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. காட்டுமாட்டுக்குப் பார்வையைவிட மோப்பம் கூர்மை. காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசியதால் நாம் இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருக்கும். பிறகு மெதுவாகத் திரும்பி விலாப்புறத்தைக் காட்டி நின்றது. பார்க்கிறவருக்கு அது நம்மைப் பொருட்படுத்தாதது போலத் தோன்றும். உண்மையில் முதுகுத் திமிலையும் உடம்பின் முழு அளவையும் காட்டி ‘நான் இவ்வளவு பெரியவன்’ என்று சொல்லும் எச்சரிக்கை அது. இந்த நிலையில் படம் எடுக்க முன்னால் போகிறவர்கள்தான் முட்டுப்படுகிறார்கள். அடுத்த கட்டம் மூக்கால் சீறுவது. அதற்கும் அடுத்தது தலையைத் தாழ்த்திக் கொம்பை முன்னே நீட்டி, குளம்பால் தரையைத் தட்டுவது. அதற்குமேல் பாய்ச்சல்தான். மனிதன் ஓடித் தப்ப முடியாத வேகம்.

செய்ய வேண்டியது: முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் பார்த்தபடி பின்னால் அடியெடுத்து வைப்பது. கையை வீசக் கூடாது, கல்லைத் தொடவே கூடாது. டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. பருத்த மரமோ பாறையோ நமக்கும் அதற்கும் நடுவில் வரும்படி நகர வேண்டும். வழி விட்டால் அது போய்விடும். அதன் வழியை நாம் அடைத்து நின்றால்தான் ஆபத்து. கூடவே நாய் வந்தால் அதைவிடக் கேடு இல்லை. நாய் குரைத்து, மாடு துரத்தியதும் நம் காலடிக்குத்தான் ஓடி வரும்.

காளை மேய்ந்து விலக நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை நூறு மீட்டர் பின்வாங்கிக் காத்திருந்தோம். காட்டின் சொந்தக்காரருக்கு அந்த நேரத்தைக் கொடுப்பதில் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வெயில் அந்த நாற்பது நிமிடத்தைத் திருப்பித் தராது. ஆறு பத்துக்கு ஏற வேண்டியது ஆறு ஐம்பது ஆயிற்று. ஒன்பதரை விதியை மாற்றவில்லை. உச்சியில் உட்கார ஒதுக்கிய நேரத்தை வெட்டினோம்.

ஏற்றம் கோயிலை ஒட்டித் தொடங்குகிறது. கொடுங்குன்றநாதர் கோயில் சம்பந்தர் பாடிய தலம், பாண்டிநாட்டுப் பதினான்கில் ஒன்று. மலையடியில் கொடுங்குன்றநாதர், நடுவில் விசுவநாதர், மேலே குடைவரையில் மங்கைபாகர் என மூன்று நிலை. பாதாளம், பூலோகம், கைலாசம் என்று சொல்வார்கள். அதற்கு மேல்தான் மலைப்பாதை. உச்சியில் ஷேக் அப்துல்லா ஷா தர்கா. ஒரே மலையில் கீழிருந்து திருநீறும் மேலே பச்சைப் போர்வையும். இரு தரப்பு மக்களும் ஏறி இறங்கியே பாதை தேய்ந்திருக்கிறது. ஏறும் முன் அடிவாரத்தில் ஊர்க்காரர்களிடமும் வனத்துறையிடமும் அன்றைக்குப் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம். தீப்பிடிக்கும் காலத்தில் அனுமதி இருக்காது.

முதல் அரைமணி நேரம் எல்லோரும் வேகமாக ஏறிவிடுகிறார்கள். குளிர்ந்த காற்று ஏமாற்றும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நின்று, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நான்கைந்து மடக்கு தண்ணீர். உட்கார்ந்தால் கால் இறுகும், நிற்பதே மேல்.

நடுப்பகுதியில் காரை, சூரை, வெப்பாலை, கள்ளி. சூரை முள் பின்னோக்கி வளைந்திருக்கும். சட்டையில் மாட்டினால் இழுக்காமல் ஓரடி பின்னால் போனால் தானே விடும். முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் இதற்காகவே. இங்கே கையை வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். பாறையிடுக்கில் சுருட்டை விரியன் படுத்திருக்கும். ஓரடிக்குச் சற்று மேல் நீளம், காய்ந்த சருகின் நிறம். அருகே போனால் உடம்பைச் சுருட்டி, செதிலோடு செதிலை உரசி, எண்ணெயில் கடுகு பொரிவது போல் சத்தம் எழுப்பும். கடித்தால் கட்டுப் போடவும் கீறவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைய விடாமல், ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை.

மேல் பகுதி மொட்டைப் பாறை. பாறைமேல் உதிரிச் சரளை கிடக்கிற இடங்கள்தான் மோசமானவை. கடலை மேல் கால் வைத்தது மாதிரி உருளும். சரளையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, வெறும் பாறையில் ஊன்ற வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது மேலே போகிறவர் தள்ளிய கல் கீழே வருகிறவர் தலைக்கு வரும் என்பதால் சற்று விலகி ஏறுவது நல்லது.

இனி தேன். பாறை முகட்டின் அடியில் கருத்த அரைவட்டமாகத் தொங்குவது மலைத்தேனீக் கூடு. வீட்டுத் தேனீ போல் பொந்தில் இல்லாமல் வெட்டவெளியில் தொங்குவதால், காவலும் கடுமை. குளவி நெருங்கினால் கூட்டின் மேல் ஓர் அலை ஓடும். தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்குவதால் வரும் பளபளப்பு அது. நாம் நெருங்கும்போது கூடு அப்படி அலைபாய்ந்தால், அதற்குமேல் ஓரடிகூட வைக்கக் கூடாது. அத்தர், தலைமுடி எண்ணெய் வாசம், பீடிப் புகை, கூச்சல், எறிந்த கல், இவைதான் கூட்டைக் கலைக்கும். ஒரு தேனீ கொட்டினால் அது விடும் எச்சரிக்கை வாசனை பழுத்த வாழைப்பழ வாசனையை ஒத்தது. மற்றவற்றுக்கு அது அழைப்பு. உடனே துண்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, நிற்காமல், கையால் அடிக்காமல், வந்த வழியே விலக வேண்டும். நூறு மீட்டருக்கு மேலும் துரத்தும். பாறையில் தலைதெறிக்க ஓடினால் விழுந்து சாவதே நடக்கும், ஆகவே காலைப் பார்த்து ஓட வேண்டும். கொடுக்கு தோலில் நின்றுவிட்டால் அதன் நஞ்சுப்பை துடித்து இன்னும் நஞ்சைச் செலுத்தும். எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் நகத்தால் உடனே சுரண்டி எறிய வேண்டும். முகம், உதடு வீங்கினாலும் மூச்சு இறுகினாலும் ஒரு கொட்டே போதும் உயிருக்கு ஆபத்தாக, நேரே மருத்துவமனை. இன்று பார்த்த கூடு பாதையிலிருந்து தள்ளி, அசையாமல் இருந்தது.

ஒன்பது இருபதுக்கு உச்சி. மேற்கே நத்தம் பக்கத்து மலைகள், கிழக்கே வெயிலில் மின்னும் கண்மாய்கள். பத்து நிமிடம், இரண்டு மாவுருண்டை, அரை லிட்டர் ஓஆர்எஸ். சுனைத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், ஆனால் குரங்கும் அதில்தான் குடிக்கிறது. காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே தீனி என்று தெரியும். தின்பண்டத்தைத் துணிப்பையில் சுற்றி முதுகுமூட்டைக்குள் வைத்தால் தொந்தரவு இல்லை. பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம், அதன் மொழியில் அது சண்டைக்கு அழைப்பு.

இறக்கம்தான் முழங்காலைத் தின்னும். கைத்தடியை ஏறும்போது பிடித்ததைவிட ஒரு சாண் மேலே பிடித்து, தடி முதலில், கால் பிறகு. நகத்தை முதல் நாளே ஒட்ட வெட்டாதவர்களுக்குக் கட்டைவிரல் ஷூ முனையில் இடித்து நகம் கறுக்கும். பத்து மணிக்குப் பாறைச் சூடு முகத்தில் அடிக்கத் தொடங்கியது. கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி, குமட்டல் மூன்றும் சேர்ந்து வந்தால் நிழலில் உட்கார வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு விசிறி, ஓஆர்எஸ் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினால், கேட்ட கேள்விக்கு மாறாகப் பதில் வந்தால் அது வெப்பத்தாக்கு. குடிக்க எதுவும் கொடுக்காமல், உடம்பை நனைத்துக்கொண்டே கீழே இறக்க வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு அடிவாரம். நடை சாத்தும் முன் மங்கைபாகரைப் பார்க்க முடிந்தது. அகத்தியருக்குத் திருமணக் கோலம் காட்டிய இடம் என்பதால் இந்தச் சன்னதியில் நந்தியும் கொடிமரமும் இல்லை.

நான்காம் நாள்: அரிட்டாபட்டி

தொடையும் கெண்டைக்காலும் இன்றுதான் நோகும், மலையேறிய அன்று இல்லை. படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும்; மெல்ல நடப்பதே மருந்து. அதற்காகக் கொட்டாம்பட்டி, மேலூர் வழியாக அரிட்டாபட்டி. செட்டிநாட்டு எல்லையைத் தாண்டி மதுரை மாவட்டத்துக்குள் வருகிறது, ஆனால் இவ்வளவு அருகில் வந்துவிட்டுப் பார்க்காமல் போகக் கூடாது.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், சமணர் படுக்கை, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில். அண்டை ஊர்களையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது இந்த மக்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மலை மிஞ்சியது அவர்களால்.

இங்கே பார்க்க வேண்டியவை லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு. செங்குத்துப் பாறையின் வெள்ளை எச்சக் கறைகளைத் தொலைநோக்கியில் தேடினால், அதற்குச் சற்று மேலே பறவை உட்கார்ந்திருக்கும். எட்டரை, ஒன்பது மணிக்குப் பாறை சூடேறி வெப்பக்காற்று எழும்போது இறகை அசைக்காமல் வட்டமிட்டு மேலேறும். கூடு கட்டும் காலம் இது. பாறையின் அடிக்குப் போய் அண்ணாந்து நிற்காமல் இருநூறு மீட்டர் தள்ளியே பார்க்க வேண்டும். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

திரும்புவதற்கு மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி, இரண்டு மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம்.